காய்ச்சலும் பாய்ச்சலும்

மூட்டை நாற்பது கிலோ.
நேற்றும் நாற்பது, போன குறுவையிலும் நாற்பது.
ஐநூறு மூட்டை ஏற்றிய நாளிலும்
என் முதுகு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை,
எங்கே வலிக்கும் என்பதைத் தவிர.

"நாளெல்லாம் சுமக்கிறவனுக்கு ஜிம் எதுக்குடா?"
கொள்முதல் நிலையத்தில் கேட்காத ஆளில்லை.
பில் கிளார்க் கேட்டார்.
சாக்குத் தைக்கிற வடுவம்மாள் கேட்டாள்.
ஈரப்பதம் பார்க்கிற மெஷின்தான் பாக்கி.

நெல் வராத ஆனி மாதம் சேர்ந்தேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கம்,
டயர் கடை மாடி.
துருவேறிய தட்டுகள், ஒரே ஒரு நேர்க்கம்பி,
திங்கள் புதன் வெள்ளி என்று கட்டம் போட்ட நோட்டு.
முதல் நாள் வெறும் கம்பி, இருபது கிலோ.
இருபதா! சிரிப்பு வந்துவிட்டது.
"சிரிச்சு முடிச்சுட்டு உட்காருங்க" என்றாள் ரோஸ்லின்,
நைட் டியூட்டி முடித்து நேராக வந்த நர்ஸ்.
அவள் தோளில் எண்பது.

ஐந்து முறை உட்கார்ந்து எழு.
அப்படி ஐந்து சுற்று.
நடுவில் மூன்று நிமிடம் சும்மா இரு.
அதுதான் கஷ்டம்.
கீழே கேட் போட்டிருக்கிறது.
எவ்வளவு ஹாரன் அடித்தாலும்
சரக்கு வண்டி போன பிறகுதான் திறப்பார்கள்.

அடுத்த முறை இரண்டரை கிலோ கூட்டு.
அதற்கடுத்த முறையும் இரண்டரைதான்.
எனக்கோ ஒரேயடியாய் இருபது ஏற்ற ஆசை.
செவ்வாய்க்கிழமையும் வருகிறேனே என்றேன்.
மாடிக்கதவு பூட்டியிருந்தது.

வயலுக்குச் சொல்வோமே, காய்ச்சலும் பாய்ச்சலும் என்று:
தண்ணீர் கட்டியே கிடந்தால் வேர் சோம்பிவிடும்,
மண் மயிரிழையாய் வெடித்த பிறகு மடை திறந்தால்
தூர் கட்டும்.
என் இரண்டு மா நிலத்துக்கு எப்போதோ தெரிந்தது
என் தொடைக்கு இப்போதுதான் எட்டியது.

ஆவணியில் எழுபத்தைந்தில் சிக்கினேன்.
மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும்
கம்பியைத் தாங்கியில் விட்டுவிட்டு
அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தேன்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது:
பத்தில் ஒரு பங்கு குறை, மறுபடி ஏறு.
நான் தோற்பதற்கு முன்பே
எனக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்!
கூட்டுறவு வங்கி இப்படி எழுதி நான் பார்த்ததில்லை.
அறுபத்தேழரைக்கு இறங்கினேன்.

புரட்டாசியில் நிலையம் திறந்தது.
மழை. நனைந்த சாக்கு. தார்ப்பாய்க்குச் சண்டை.
வாரம் இரண்டு நாள்தான் மாடி ஏற முடிந்தது,
நோட்டில் அதையும் குறித்தேன்.
மூட்டைக்கு முன்னால் நின்று
மூச்சை வயிற்றில் கட்டி
இடுப்பிலிருந்து எழுந்தேன்.
அது இன்னும் நாற்பதுதான்.
அன்றைக்கு ராத்திரி குப்புறப் படுக்காமல் தூங்கினேன்.

"எவ்வளவு தூக்குறியாம் இப்ப?" என்றாள் வடுவம்மாள்.
"எண்பது."
"ரெண்டு மூட்டை. கூலி?"
"கூலியா? நான்தான் மாசம் முந்நூறு கட்டுறேன்."

அவள் சிரித்த சிரிப்பில்
ஊசி நழுவி
நெல்லுக்குள் போய்விட்டது.
இருவரும் தேடிக்கொண்டிருந்தோம்.