வட்டம்

பாலத்துக்கு இப்பால் பதினோரு மணி நேரம்
எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.
அணைத்தால் குளிரில் டீசல் கெட்டிப்பட்டுவிடும்.
கையெழுத்துப் போட வேண்டியவர் அங்காராவில் என்றார்கள்.
அங்காராவில் கேட்டால்,
அவர் உங்கள் பக்கம்தான் வந்திருக்கிறார்.
விடியும் முன் யாரையும் கேட்காமல் கடந்தேன்.

கொன்யாக்காரன் நான், ஃபெரிதுன்.
மண்வாரி ஓட்டுவேன்.
எந்தச் சுவரில் கை வைத்தால் எது சரியும் என்று தெரியும்.
சுவரில் எழுதியதைப் படிக்க
ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.

தெருமுனையில் ஆரஞ்சுச் சாயத்தில் ஒரு வட்டம்,
வழிந்து உறைந்திருந்தது.
தாளில் பார்த்தேன்:
வட்டம் என்றால் தேடியாயிற்று, போகலாம்.

ஒரு காலில் மட்டும் செருப்பிருந்த ஒருவர்
கையை ஆட்டினார்.
அன்று எல்லாத் தெருவிலும் யாராவது
கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.
அவர் வாய் அசைந்தது.
எஞ்சின் இரைச்சலில்
என் இருமலே எனக்குக் கேட்காது.

வண்டியைத் திருப்பினேன்.

மறுநாள் கூடாரத்தில்
மொழிபெயர்க்க வந்த குலிசார்
சூப்பை ஊதிக் குடித்தபடி
பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.
முதலில் வந்த குழுவின் நாட்டில்
வட்டம் என்றால்
உள்ளே குரல் கேட்கிறது,
எஞ்சின்களை நிறுத்துங்கள்.

அவளுக்கு அது ஒரு வேடிக்கை.
எந்தத் தெரு என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பாலம் கடக்கும் அனுமதி
நான்காம் நாள் போனில் வந்தது.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது,
வட்டமாக.