சி-யில் தொடங்குகிறது

தம்பெரே, ஜனவரி.
கம்பளிச் சட்டையைக் கழற்றினால்
பொறி பறக்கிற வறட்டுக் காற்று.
ஹார்ட் டிஸ்க்கைத் தொடுமுன்
ரேடியேட்டரைத் தொட்டுக்கொள் என்றான் வெய்யோ.
தொட்டாள்.

ஒரு டெராபைட் என்று விற்றார்கள்.
திரையில் தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி.
அளவுகோல் வேறாம்.
கறிக்கடைக்காரன்கூடச் சொல்லக் கூசும் சாக்கு.

பாகம் பிரிக்கும்போதுதான் ரைலி கேட்டாள்:
ஏன் சி-யில் தொடங்குகிறது?
ஏ, பி எங்கே?

அது ஃப்ளாப்பிகளின் இடம்.
இனி அவை வராது.
ஆனாலும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

திருகாணி ஒன்று சோஃபாவுக்கடியில் உருண்டது.
குனிந்தவளுக்கு நடைவழி தெரிந்தது.
சுவரில் ஐந்து கொக்கிகள்.
வந்த நாளிலிருந்து அவள் கோட்டு மூன்றாவதில்.
முதலிரண்டில்
அவன் ஒரு குடையைக்கூட மாட்டியதில்லை.

ஃபார்மாட் எழுபது சதவீதம்.
கிடைக்கவில்லை என்றாள்.
மூன்று திருகாணி போதும்,
ஆடாது என்றான்.