குளிர்பெட்டியின் சுருதி

மல்வே பப்பின் குளிர்பெட்டி
ஓயாமல் ஒரே சுரத்தில் முனகும்.
புல்லாங்குழல் ஊதும் பாஸ்கல் சொல்வான்:
நம் சுருதிக்கு ஒரு இழை கீழே,
இருபது வருஷமாக.

செவ்வாய்க்கிழமை. ஸ்லைகோவில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
ஆணியில் கோட்டுகள் சொட்டுகின்றன.
நாற்காலிகளுக்கடியில் பிடில் பெட்டிகள்
நனைந்த நாய்களைப் போல.
அவற்றில் ஒன்று நிஜமாகவே நாய்.

மேடை இல்லை. மைக் இல்லை.
கணப்பருகே ஒரு மூலை, நான்கு ஸ்டூல்.
வெளியூர்க்காரர் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால்
எழுந்திருங்கள் என்று யாரும் சொல்வதில்லை.
சும்மா பார்ப்பார்கள்.

எனக்குக் கிளாஸ் கழுவும் வேலை.
வாசிப்பு சூடுபிடித்ததும்
குழாயை நூலளவு திறந்துவைப்பேன்.
கிளாஸைக் கிளாஸ் தொடாமல் அடுக்குவேன்.
இதையும் வாசிப்பு என்றே
கணக்கில் வைத்திருக்கிறேன்.

பத்தரைக்கு ஜார்லத் எழுந்தான்.
பகலெல்லாம் செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி ஓட்டுபவன்.
பீர் அட்டைகளின் முதுகில் எழுதிய கவிதை.
பதினோரு அட்டைகள்.
ஆறாவது, ஈரத்தில், ஏழாவதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
பிரிக்கப் பார்த்தான்; கிழிந்தது.
'இந்த இடத்தில் என் அண்ணன் வருகிறான்' என்றான்,
'எப்படி வருகிறான் என்பது அட்டையில் இருந்தது.'
யாரோ சிரித்தார்கள்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.
அண்ணன் போனது மார்ச்சில், படகோடு.

அப்போதுதான் ஆட்ராக்டா
கல்லாவுக்குப் பின்னால் குனிந்து
குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

முனகல் நின்ற பிறகே தெரிந்தது
அந்தக் கடையில்
இவ்வளவு இடம் இருக்கிறதென்று.

மீதி அட்டைகளைப் படித்து முடித்தான்.
பாஸ்கல் குழலை எடுத்தான்,
துளைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான்,
ஊதாமல் மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.
கைதட்டல் இங்கே வழக்கமில்லை.
ஜார்லத்தின் முன்னால் ஒரு பைண்ட் வந்து நின்றது.
யார் காசு என்று கேட்டால்
ஆட்ராக்டாவுக்குக் காது கேட்காது.

பிளக்கைத் திரும்பச் செருக மறந்துபோனோம்.
காலையில் சைடர், வெள்ளை ஒயின், எல்லாம் வெதுவெதுப்பு.
நோட்டில் எழுதினாள்:
பால், இரண்டு லிட்டர், திரிந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது,
பிறகு ஒரு கோடு.

பெட்டி ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு
தன் பழைய தப்பான சுரத்தைப் பிடித்தது.
நான் அந்தக் கிழிந்த அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்
சிங்க்கில், குப்பைக் கூடையில்,
நாய் படுத்திருந்த இடத்தில்.