கையில் அடிக்காத சத்தியம்

செவ்வாய் மாலை ஆறரைக்கு வகுப்பு.
கிராலிக் கல்லூரி, இரண்டாம் மாடி.
கட்விக்கில் இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும்
மோர்வென்னா பேச்சை நிறுத்துவாள்,
இரைச்சல் போனபின்
விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவாள்.

"எல்லாவற்றையும் மூடிவைக்க முடியாது என்று
முதல் நாளே சொல்லிவிடுங்கள்.
பிள்ளை வாய் திறக்குமுன் சொல்லுங்கள்.
பிறகு சொன்னால் அது பொறி."

பொறி, என்று எழுதி
அடிக்கோடிட்டேன்.

பன்னிரண்டு வருடம் சரக்குக் கிடங்கில்
பெட்டிகளுக்கு முத்திரை குத்தியவள் நான்.
திறக்கக் கூடாததற்கும் திறக்க வேண்டியதற்கும்
வெவ்வேறு நிறத்தில் நாடா இருந்தது.
சட்டத்தில் நாடா இல்லை.
'கடுமையான தீங்கு' என்று இருக்கிறது.
கடுமை எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன்.
மோர்வென்னா சன்னலைப் பார்த்தாள்.
விமானம் எதுவும் வரவில்லை.

ஒரு வழக்கும் படித்தோம்.
தன்னைக் கேளாமல் தன் பெண்களுக்கு
மாத்திரை கொடுக்கக் கூடாது என்று
பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்ற ஒரு தாய்.
பிள்ளைக்கு விளக்கம் போதுமா என்று அளக்கும் கோலுக்கு
இன்றும் அவள் பெயர்தான்.
அன்றிரவு என் மகளின் தொலைபேசி
சமையலறை மேசையில் இரண்டு முறை ஒளிர்ந்தது.
கவிழ்த்து வைத்தேன்.
பிறகு நிமிர்த்தினேன்.
பிறகு கவிழ்த்தேன்.

பயிற்சிக்குப் பள்ளியில் ஓர் அறை தந்தார்கள்,
முன்பு வயலின்கள் இருந்த அறை.
அங்கே வந்தவனை 'ழ' என்கிறேன்.
குறிப்புகளில் பெயர் கூடாது, எழுத்துப் போதும்.
அவன் வாயிலேயே நுழையாத எழுத்து,
அதனால் பத்திரம்.
(இதிலும் மூன்று விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

என் பெயர்ப்பட்டையைப் படித்தான்.
அதுவரை ஆங்கிலத்தில் இருந்தவன்
தமிழுக்கு மாறினான்:
"அன்ரி, ஆரிட்டயும் சொல்லமாட்டன் எண்டு
கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."
மேசைக்கு மேலே நீண்டது கை.
உள்ளங்கையில் நீலப் பேனாவால் ஏதோ கணக்கு,
பாதி அழிந்து.

எத்தனை கைகளில் அடித்திருப்பேன்,
பொய்க்கும் அடித்திருக்கிறேன்.
என் கை தானாக எழும்பியது.
தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
வகுப்பில் ஆங்கிலத்தில் பழகிய அந்த வசனம்
தமிழில்
யாரோ கதவைச் சாத்துவதுபோல் கேட்டது.

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

ஆனாலும் அவன் எழும்பிப் போகவில்லை.
நாலாம் கிழமை சொன்னான்.
அதை இங்கே எழுதமாட்டேன்.

யாரிடம் போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டு
நடைவழியில் இருபத்தொரு எட்டு வைத்து
மிஸ்டர் ஓக்டனின் கதவைத் தட்டினேன்.
படிவம் நாலு பக்கம்.
உங்கள் கருத்து வேண்டாம், என்றது படிவம்,
பிள்ளையின் சொற்களை எழுதுங்கள்.
அவன் சொன்ன ஒரு சொல்லுக்கு
ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை.
தமிழிலேயே எழுதினேன்.
ஓக்டன் அந்த எழுத்துகளை
வாசிக்கத் தெரிந்தவர்போல
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வியாழன் அவன் வரவில்லை.
அதற்கடுத்த வியாழனும்.
பதினொன்றே காலுக்கு
இரண்டு கதிரைகளையும் போட்டுவைத்து
ஒன்றில் இருந்தேன்.

சனிக்கிழமை, பிராட்ஃபீல்ட் தமிழ்க்கடை.
ழ-வின் தாய் ஒரு முருங்கைக்காயை
வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"பள்ளிக்கூடத்தில நிக்கிறனீங்கள்தானே.
எங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்திட்டுப் போயினம்.
ஆர் சொன்னதெண்டு தெரியுமோ?"

ஓம் என்று சொல்லக் கூடாது.
இல்லை என்றும்.
அவள் மகனைத் தெரியும் என்பதையே சொல்லக் கூடாது.
மோர்வென்னாவுக்குத் தலைக்கு மேல் விமானம் வரும்,
எனக்குக் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும்தான்.

"அது முத்தல், அக்கா," என்றேன்.
"வேறை எடுங்கோ."

என்னைப் பார்த்தபடி
அதையே பையில் போட்டாள்.