பதினொன்று புள்ளி நான்கு

மணிமேடையிலிருந்து கிழக்கே
சாலையின் அகலம் பதினொன்று புள்ளி நான்கு மீட்டர்,
மருந்துக்கடையின் படி நீங்கலாக.
படியும் சாலைதான் என்கிறது வரைபடம்.
படி எங்கப்பா கட்டினது என்கிறார் வில்பிரட்.
டேப்பின் மறுமுனையை
அவர் கடைப் பையன்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.

இதில் சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் எடுக்கவேண்டும்.
பஸ் தராது.
ஆட்டோ ஸ்டாண்டு தராது, கொடிக்கம்பம் இருக்கிறது.
இளநீர் வண்டி தந்துவிடும், கேட்டால்.
அதனாலேயே கேட்கக் கூசியது.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார்:
“நாரோயில்ல இப்ப யாரு சைக்கிள் சவுட்டுதா?”
சிரித்தார்கள்.
என் கையில் கணக்கு இருந்தது,
காலை எட்டு முதல் இரவு எட்டு வரை.
அது அவர் பக்கமே பேசியது.

எட்டு என்று யார் வைத்தது?
நான்தான்.
திங்கள்சந்தையிலிருந்து என் பஸ்
அப்போதுதான் வந்து சேரும்.

மறுவாரம் சூசம்மாள் வீட்டில் தங்கி
நாலு மணிக்கே டிரான்ஸ்பார்மர் பக்கம் போய் நின்றேன்.
தெருவிளக்கில் பாதி எரியவில்லை.
முதலில் சத்தம்தான் வந்தது,
கவரில் செயின் உரசும் சத்தம்.
பிறகு ஐஸ் பெட்டிகள்,
துறையிலிருந்து இங்கு வரைக்கும் சொட்டிக்கொண்டே.
பேப்பர்க் கட்டு. பால் கேன்.
இரவு வேலை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தி,
முந்தானையை இடுப்பில் செருகி.
ஒடிசாப் பையன்கள், கேரியரில் கொல்லுக் கரண்டி,
ஒருவன் பின் ஒருவனாக
பேச்சில்லாமல்.

நாலு கோடு போட்டு
ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிறேன்.
பக்கம் முழுக்க விறகுக்கட்டு.
ஐந்தே முக்காலுக்குள் இருநூற்றுப் பதினாறு.
நாங்கள் நாற்காலி போட்டு எண்ண உட்காரும்போது
இவர்கள் எல்லாரும் எங்கோ
வேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

சோதனைக்கு அறுநூறு மீட்டர், ஆறு மாதம் என்று உத்தரவு.
வரைபடத்தில் கோடு நேராகப் போகிறது.
வரைந்தவர் டிரான்ஸ்பார்மரை மறந்துவிட்டார்.
மின்வாரியத்துக்கு மூன்று கடிதம்.
பதில் வருமுன் பெயின்ட் வந்துவிட்டது.
வளைத்துப் போடுங்கள் என்றேன், என் பொறுப்பில்.
ஆளுக்கு வழிவிடுவதுபோல்
கோடு அங்கே கொஞ்சம் ஒதுங்கிப் போகும்.

முதல் நாள் பாதையில் நின்றவை:
கார் ஒன்பது.
மட்டியும் செவ்வாழையுமாக ஒரு லோடு தார்.
கல்யாண மண்டப வளைவின் ஒரு கால்.
பஸ்ஸுக்கு நின்ற பெண்கள், அங்கேதான் நிழலாம்.
வில்பிரட் படியிறங்கி வந்தார்:
“மருந்து வாங்க வாறவன் வண்டிய எங்க விடுவான்,
எந் தலையிலயா?”
பதில் என்னிடம் இல்லை.
அவர் கேட்டது நியாயம்தான் என்றும்
அன்றைய குறிப்பில் எழுதினேன்.

மறுநாள், விடியவில்லை.
சாரல்.
கோடு மட்டும் நனைந்து வெளுத்துக் கிடக்கிறது,
பாதை காலி.
ஐஸ் பெட்டிக்காரர் ஒருவர் வருகிறார்,
ஓடையின் சிமெண்ட் விளிம்பில்,
ஒரு சாண் அகலத்தில், பெட்டியோடு,
விழாமல்.
“அண்ணே, உள்ள வாங்க. அது சைக்கிளுக்குத்தான்.”
பிரேக் இல்லை. காலைத் தேய்த்து நின்றார்.
கோட்டைப் பார்த்தார்.
என் அடையாள அட்டையைப் பார்த்தார்.
“துட்டு எவ்வளவு?”
“துட்டெல்லாம் இல்லண்ணே.”
நம்பவில்லை.
பெட்டிக் கயிற்றை ஒருமுறை இறுக்கினார்.
“செரி, நாளைக்குப் பாப்போம்” என்று
விளிம்பிலேயே சவுட்டிப் போனார்.
அவருக்கும் ஒரு கோடு.

பின்னால் ஒடிசாப் பையன்கள்.
அவர்கள் யாரையும் கேட்கவில்லை,
உள்ளே புகுந்து
பக்கம்பக்கமாக வந்தார்கள்.
இரண்டு ஹேண்டில்பாருக்கு ஒன்றரை மீட்டர் போதும்.
ஒருவன் ஏதோ சொல்ல
மற்றவன் மறுத்துத் தலையாட்டிச் சிரித்தான்.
இந்தத் தெருவில் அவர்கள் குரலை
அன்றுதான் கேட்டேன்.
டிரான்ஸ்பார்மர் வளைவில் ஒருவன் பின்தங்கினான்,
தாண்டியதும் எட்டிப் பிடித்து
விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினான்.