மிதிக்கக் கூடாத இடங்கள்

கதவே இல்லாத தோட்டத்தை எப்படித் திறப்பது
என்று கேட்டார் யோகராசா.
நியாயமான கேள்விதான்.
பன்றிக்கு என்றைக்கும் அது திறந்தே கிடந்தது.
பழைய கட்டிலின் கால்மாட்டை நிமிர்த்தி
இரண்டு கம்பியில் கட்டினார். கேட் ஆயிற்று.

உடப்புசல்லாவ ரோட்டில், மூன்றாம் வளைவில்,
மூன்று மொழியில் பலகை.
சிங்களத்தை சுனேத்ரா டீச்சர் திருத்தித் தந்தார்.
தமிழில்தான் நான் ஒரு புள்ளியை விட்டேன்.
'தோடடம்' என்று நின்றது.
பெயின்ட் தீர்ந்திருந்தது.

விடியக் காலையே கொடியில் கிடந்த பாவாடைகளை உருவி
உள்ளே போட்டேன்.
கானுக்கும் தேயிலைக்கும் நடுவே எட்டுப் பேர்ச்சஸ்.
லீக்ஸ், நோக்கோல், போஞ்சி,
கூரைத் தகரத்தில் ஏறி உட்கார்ந்த சவ்சவ்,
நிழலில் வல்லாரை.
எல்லாம் யோசித்தோம்.
வருகிறவர்கள் டொய்லட் கேட்பார்கள் என்பதை
யோசிக்கவில்லை.
சந்தனமேரி அக்கா தன் சாவியைக் கொடுத்தாள்,
புதுசாய் டைல் ஒட்டியது,
செருப்பைக் கழற்றச் சொல்லு என்று.

கொழும்பு அம்மா ஒருத்தி, ஓர்கானிக்கா என்றாள்.
உரத்துக்குக் காசில்லாத வருஷத்தில் தொடங்கியது,
ஆமாம் என்றேன்.
டீச்சரின் பிள்ளைகளில் ஒருத்தன்
கரட் மண்ணுக்குள்ளேயா இருக்கும் என்று
இழுத்தே பார்த்துவிட்டான்.
கணக்கில் வைக்கவில்லை.
அவனேதான் போகும்போது
சேற்று விரலால் பலகையில் புள்ளி வைத்தவன்.

தொப்பி போட்ட ஒருவர் கேட்டார்:
இடம் உங்களுடையதா?
கரட் எங்களுடையது என்றேன்.

மூன்றரைக்கு மோட்டார் சைக்கிள் சத்தம்.
சின்னத்துரை.
இருபத்திரண்டு வருஷம் என் கொழுந்தை நிறுத்து
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்த தராசு
அவர் ஆபீசுக்குத்தான் சொந்தம்.
யோகராசா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்,
காய்ந்த கையை.

டிக்கெட் நூறு ரூபாய் என்றேன்.
குரல் எனக்கே புதிதாக இருந்தது.
கொடுத்தார். கேட்டுக்குள் காலை வைத்து,
வைத்த காலோடு நின்றார்:
எங்கே மிதிக்கலாம்?

கல்லில் மட்டும்.
அங்கே வேண்டாம், பூண்டு இப்போதுதான் முளைக்கிறது.
இல்லை, அங்கேயும் வேண்டாம்.

சப்பாத்தைத் தூக்கித் தூக்கி
ஈரத்தில் கோழி போல நடந்தார்.
இரண்டு கட்டு வல்லாரை வாங்கினார்,
மீதிச் சில்லறை வேண்டாம் என்றார்,
தேடி எடுத்துக் கொடுத்தேன்.
போகும்போது வேலியை ஒரு தடவை
நீளவாட்டில் பார்த்தார்.
மனதுக்குள் என்ன எழுதிக்கொண்டாரோ.

நாற்பத்தொரு பேர். மிதிபட்டது ஒரே ஒரு லீக்ஸ்,
அதுவும் நான் மிதித்தது.
காசை மாவு டின்னில் போட்டுவிட்டு
இருட்டிய பிறகும் பேசிக்கொண்டே இருந்தோம்,
கேட்டைச் சாத்த மறந்து.
ராத்திரி பன்றி வந்திருக்கிறது.
வற்றாளைப் பாத்தி முழுக்கப் புரண்டு கிடக்கிறது.
பூண்டு அப்படியே இருக்கிறது,
அதன் பக்கத்துக் கல்லில்
ஒரு குளம்புத் தடம்.