இடது கன்னம்

எல்ஸ்மியர் வீதியில்
டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
சப்பாத்தில் உப்புச்சேறு.
நிரப்பச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள்:
கண்ணோரச் சுருக்கம், பிரசவ வரி, பருக்குழி, தழும்பு.
பொருந்துவதைக் குறியிடுக.
கடைசிப் பெட்டியில் சரி போட்டேன்.
முன்பும் ஒருமுறை போட்டிருக்கிறேன்,
அது வேறு தாள்.

மரிவிக் என்ற தாதி
குட்டி அடிமட்டத்தைக் கன்னத்தில் வைத்தாள்.
மூன்று புள்ளி ஒன்பது.
நாலு புள்ளி இரண்டு என்றேன்.
சிரித்தாள். திரும்ப அளந்தாள்.
மூன்று புள்ளி ஒன்பதுதான்.

பதினாறு வருடத்துக்கு முன்
இந்த ஊரில் ஒரு வைத்தியர் இதே கன்னத்தை அளந்து
நாலு புள்ளி இரண்டு சென்ரிமீற்றர்,
மனுதாரர் கூறும் சம்பவத்துடன் பொருந்தக்கூடியது
என்று ஒப்பமிட்டார். பக்கம் இருபத்தாறு.
விசாரணையில்
முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார்கள்.
வாய் மூன்று திகதிகளைப் பிழையாகச் சொன்னது.
கன்னம் தடுமாறவில்லை.
அதற்குத்தான் விசா கிடைத்தது,
நான் கூடவே வந்தேன்.

இப்போது நான் கார் ஓட்டப் பழக்குகிறேன்.
பழகுபவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.
கண்ணாடியைப் பார் என்றால்
என் கன்னத்தைப் பார்க்கிறார்கள்.
போன மார்கழியில் ஒரு பெடியன்
பார்த்துக்கொண்டே போய்
குப்பைத் தொட்டியில் ஏற்றினான்.
அன்று இரவுதான் விலை விசாரித்தேன்.
அறுநூற்றெண்பது டொலர், வரி தனி.

தழும்பு அடியில் ஒட்டிப் பிடித்திருக்கிறதாம்.
முதலில் ஊசியால் அதை விடுவிக்க வேண்டுமாம்.
தோலுக்குள் ஒரு சத்தம் கேட்டது,
பழைய சாக்கின் தையல் பிரிவதுபோல.
பிறகு அந்தக் களி.
ஹையலூரோனிக் அமிலம்.
அமிலம் என்கிறார்கள், எரியவில்லை.
தண்ணீரைப் பிடித்து வைத்திருக்குமாம்,
அவ்வளவுதான் அதன் வேலை.

எத்தனை நாளைக்கு என்றேன்.
ஒன்பது மாதம், மிஞ்சினால் ஒரு வருடம்,
பிறகு உடம்பே கரைத்துவிடும்,
வந்து புதுப்பிக்கலாம் என்றாள்.
தற்காலிகம், புதுப்பிக்கலாம்.
இந்த நாட்டில் நான் முதலில் கற்ற இரண்டு சொற்கள்.

கீழே இறங்கி நின்றபோது
வீங்கிய முகத்தைக் கைப்பேசி ஏற்கவில்லை.
இலக்கத்தை அழுத்தினேன்.
அது விசாரணைத் திகதி.
அதை மட்டும் ஒருநாளும் பிழைத்ததில்லை.

சனிக்கிழமை செல்வமலர் அக்கா வந்தா.
ஐம்பத்தெட்டு வயது, நாலாவது பரீட்சை,
இன்னும் இடம் வலம் குழம்பும்.
மார்க்கம் வீதிச் சந்தியில்
இடது பக்கம் எடுங்கோ என்றேன்.
என் முகத்தைப் பார்த்தா.
வலப்பக்கச் சமிக்ஞை போட்டா,
நிற்பாட்டினா, திரும்பவும் முகத்தைப் பார்த்தா.
"தம்பி, உங்கட காயப் பக்கம்தானே இடது
எண்டு நான் பிடிச்சு வச்சிருந்தனான்.
எங்க போட்டுது?"

பின்னால் லொறிக்காரன் ஹோர்னில் கையை வைத்துவிட்டான்.
இன்னும் நோகிற இடத்தில்
விரலை வைத்துக் காட்டினேன்.
இந்தப் பக்கம் அக்கா.
அதற்குள் பச்சை அம்பு போய்விட்டது.